நன்றி உரைத்தலும் ஒரு நற்செயலே



நமக்குப் பனி என்றால், வைகறைத் தொழுகைக்குச் செல்லும் வழியில் புல்நுனியில் மின்னும் துளிதான். கதிரவன் எழுந்ததும் அது மறைந்துவிடும். கனடா நாட்டின் கால்கரி நகரத்தாருக்கோ, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வாசலில் வந்து குவியும் பெருஞ்சுமை அது.

அந்நகரில் ஒரு விதி உண்டு. பனி பொழிந்து ஓய்ந்த 24 மணி நேரத்திற்குள், தம் வீட்டை ஒட்டிய நடைபாதையை அவரவரே துப்புரவு செய்திட வேண்டும். தவறினால் நகராட்சி ஆள் வைத்து அகற்றி, செலவை வீட்டுக்காரரிடமே பெறும். வழிநடப்போர் வழுக்கி விழாதிருக்க ஏற்பட்ட நல்ல விதியே. ஆயினும், தள்ளாத வயதில் தனித்து வாழும் மூதாட்டி என் செய்வார்? சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்ஙனம் பனி அள்ளுவார்?

பனி பார்வைக்குத்தான் பஞ்சு. ஈரம் ஏறிப் படிந்துவிட்டால் ஒரு கன மீட்டர் 300 கிலோவையும் தாண்டும். கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் இச்சுமையைத் தூக்குவது முதியவரின் இதயத்திற்கே ஆபத்தாகிவிடும். இடையில் 'சினூக்' என்னும் வெப்பக் காற்று வீசிப் பனியை உருக்கும். இரவில் அந்நீர் மீண்டும் உறைந்து, பாதை கண்ணாடிபோல் வழுக்கும். அள்ளாவிடில் வீட்டுச் சிறை. அள்ளினாலோ உயிருக்கு அச்சம்.

இந்நிலையில்தான், அண்டை வீட்டார் தம் வாசலைத் துப்புரவு செய்த கையோடு முதியோர், ஊனமுற்றோர் வாசலையும் துப்புரவு செய்து கொடுத்தனர். இவர்களை ஊக்குவிக்க 2004-ஆம் ஆண்டு கால்கரி நகராட்சி 'ஸ்நோ ஏஞ்சல்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 'பனிக்கால வானவர்' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். உதவியவர் பெயரை உதவி பெற்றவர் நகராட்சிக்குத் தெரிவித்துச் சிறப்பிக்கவும் வழி செய்யப்பட்டது.

இதனை வகுப்பில் கூறியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "உஸ்தாத், நற்செயலுக்கு விளம்பரம் எதற்கு? அது மனத்தூய்மையைக் கெடுத்துவிடாதா?" என்று வினவினார். நல்ல கேள்வி. நாம் சொன்ன விடை இதுவே: செய்தவன் தன் செயலைத் தானே சொல்லிக் காட்டினால் அது தற்பெருமை. பெற்றவர் எடுத்துரைத்தால் அது நன்றியறிதல். கைம்மாறாக எதையும் தர இயலாத ஒருவருக்கு, நன்றி கூறும் வாய்ப்பே பெரும் ஆறுதல். 'வாங்குகிறவன்' என்ற கூச்சம் நீங்கி, அவரும் 'கொடுக்கிறவர்' ஆகிவிடுகிறார் அல்லவா?

ஆனால், உதவி பெறும் முதியவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து ஊரெங்கும் பரப்புவது பாராட்டு ஆகாது. அது அவருடைய இயலாமையைக் கடைவிரிப்பதாகும். உதவியவரின் பெயர் வெளிவரலாம். உதவி பெற்றவரின் மானம் காக்கப்பட வேண்டும்.

அன்பர்களே! கேளாமலே நமக்கு உதவியவர் ஒருவரேனும் நம் தெருவில் இருப்பார். நம் தாயாருக்கு மருந்து வாங்கி வந்த இளைஞராக இருக்கலாம்; தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்த சிறுமியாக இருக்கலாம். இன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவருடைய பெற்றோர் செவிகுளிர ஒரு சொல் சொல்லி வாருங்கள். அதற்கு நகராட்சியின் திட்டம் ஏதும் தேவையில்லை.