டயருக்கும் பிறந்த தேதி உண்டு

எங்கள் ஒரகடத்தில் டயரைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அப்போலோ தொழிற்சாலை ஊரிலேயே இருக்கிறது. சியட்டும் ஜே.கே.யும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எந்தக் கம்பெனி டயர் உசத்தி என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். "சரி, உங்கள் கார் டயர் எந்த வருஷம் செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார். இந்த அறியாமையைத்தான் இன்று திட்டப் போகிறேன். முதல் திட்டு எனக்கே.

2023 மே மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். கிளம்புகிற நேரத்தில் பின்பக்க டயரில் ஆணி. பஞ்சர் கடைப் பையன் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்து உருட்டிப் பார்த்தான். "புத்தம் புதுசு சார், ஒரு நாள்கூட ரோட்டைப் பாக்கல. இதையே போட்டுட்டுப் போங்க" என்றான். உண்மைதான். ரப்பர் முடிகூட உதிரவில்லை. 2011-ல் காரோடு வந்தது; பன்னிரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறோமே என்று எனக்குப் பெருமை வேறு.

வாலாஜாபாத் சாலையில் மகன் எண்பதில் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று வேட்டு போட்டது போல் ஒரு சத்தம். கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்ணில் இறங்கி நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரனை அழுத்தியபடி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. பேத்தி அழவில்லை. "தாத்தா, என்ன சத்தம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வாயில் பதில் வரவில்லை.

கிழிந்து கிடந்த டயரின் பக்கவாட்டில் மகன் காட்டினான்: 1411. அதாவது 2011-ஆம் வருஷம், 14-ஆவது வாரம். ஒரு நாளும் உழைக்காத அந்த டயருக்கு வயது பன்னிரண்டு.

ஆயுள் முழுக்க அடுத்தவர்களின் பணிப் பதிவேட்டைப் புரட்டிய குமாஸ்தா நான். ஓய்வு பெறும் நாளை எதை வைத்துக் கணக்கிட்டோம்? முதல் பக்கத்தில் இருக்கும் பிறந்த தேதியை வைத்து. எத்தனை கோப்பு பார்த்தார், நாற்காலி எவ்வளவு தேய்ந்தது என்றா பார்த்தோம்? அதே ஆள் டயருக்கு மட்டும் தேய்மானத்தைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். அது ஒரு கணக்கு. வயது இன்னொரு கணக்கு. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் நம் ஊர் வெயிலும் ரப்பரை உள்ளுக்குள் இறுக வைக்கின்றன. அதைக் காப்பாற்ற ரப்பரில் ஒருவகை மெழுகு கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து கொடுக்கும்போதுதான் அந்த மெழுகு மேலே வந்து பூச்சாகப் படியும். நிற்கிற டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. மாதம் இரண்டு முறை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காரை எடுக்கும் நம் போன்றவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

"தேயாத டயரை மாற்றுவது காசைக் கரியாக்குவது இல்லையா?" என்று சக ஓய்வூதியக்காரர்கள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 2012-ல் ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்து ஓட்டுநரோடு மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒரு பையனுக்கு வயது 18. வெடித்த டயருக்கு 19-க்கும் மேல். அவன் தாயார் பல வருஷம் போராடினார். 2021 பிப்ரவரி முதல் அங்கே லாரி, பேருந்துகளின் முன் சக்கரங்களில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று சட்டம் வந்தது. நமக்கும் அப்படி ஒரு சாவு வந்துதான் புத்தி வர வேண்டுமா?

அடுத்த திட்டு கடைக்காரர்களுக்கு. நான் புது டயர் வாங்கப் போன முதல் கடையில் எடுத்து வைத்தது மூன்று வருஷச் சரக்கு. கேட்டால், "புதுசுதான் சார், கவர்கூடப் பிரிக்கல" என்றார்கள். புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'புதிது' என்பதற்கு இரண்டு சொல் கற்றுக்கொடுத்தார். புழங்காதது 'நெஃப்'. நமக்குப் புதிதாக வந்து சேர்ந்தது 'நூவோ'. புழங்காமலே கிழடாகிப் போனதற்கு அவரிடமும் சொல் இல்லை. நம் கடைகளில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான், 'புதுசு'.

நிழலில் ஒழுங்காக வைத்த டயர் ஓரிரு வருஷத்தில் கெட்டுவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வருஷச் சரக்குக்கும் அதே விலைதானே? மாவுப் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிறோம். பதினெட்டாயிரம் கொடுத்து நான்கு டயர் வாங்கும்போது தேதி கேட்க என்ன கூச்சம்?

ஆகவே, மாட்டுவதற்கு முன்பே டயரைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் தேதி. சில டயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். உள்பக்கமாக மாட்டிவிட்டால் பிறகு கண்ணில் படாது. அந்த நான்கு எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஐந்து வருஷம் ஆனதும் வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட. பத்து என்பது நான் சொல்லும் கணக்கு இல்லை, டயர் விற்கும் மிஷ்லினே சொல்வது.

கம்பெனிச் சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று சாயங்காலம் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கார் டிக்கியைத் திறந்து பாருங்கள்.