முழங்கால் வலிக்கு வயசு மட்டுமா காரணம்?

வத்தேகமயில இருந்து பன்வில, மடுல்கலைப் பக்கம் போனா, முழங்கால் வலிக்கு ரெண்டு காரணம்தான் சொல்வாங்க: வயசு, இல்லாட்டி குளிர். வயசானா மூட்டு தேயும், உண்மைதான். ஆனா நாற்பதிலேயே எங்க அம்மாமார் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறாங்களே?

மலையில நடக்கிற வேலையைப் பாருங்க. கூடைக் கயிறு தலையில, பாரம் முதுகுல. கழுத்தும் இடுப்பும் மணிக்கணக்கா முன்னால வளைஞ்சே இருக்கும். கொழுந்தை நிறுக்கச் சரிவுல இறங்குறது இன்னும் மோசம். சும்மா படியிறங்கும்போதே ஒவ்வொரு முழங்காலிலும் உடல் எடையைப் போல மூன்று மடங்கு அழுத்தம் விழும். இங்கே கொழுந்துப் பாரமும் சேருது, கால் வைக்கிறது ஈரக் கல்லுல.

குனியாதீங்க, பாரம் தூக்காதீங்க என்பார் டாக்டர். கிலோ குறைஞ்சா அரைப்பேர்தானே! அப்புறம் என்ன, ராத்திரிக்குச் சித்தாலேப.

2024இல் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயானது. அதைப் பற்றிப் பேசுற அளவுக்குச் சுமையைப் பற்றி நாங்க பேசுறதில்லை. நிறுவையை மலைக்கே கொண்டுவரணும். ஒரு தடவை சுமக்கிற பாரத்துக்கு எல்லை வேணும். முழங்கால் போனவங்களுக்கு அரைப்பேர் போடக்கூடாது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போற தொழிற்சங்கங்கள் இதையும் கேட்கட்டும்.