மேனி காவாத மின்தகடு

1839-இல் உரால் மலையிற் கண்ட கனிமமொன்றின் பெயரையும் அமைப்பையும் தாங்கியது பெரோவுசுகைட்டு ஞாயிற்று மின்தகடு. 2009-இல் சப்பானியர் மியாசகா குழுவினர் வெளியிட்ட தகடு, பெற்ற ஒளியில் நூற்றுக்கு 3.8 பங்கே மின்னாக்கிற்று; இன்றோ ஆய்வகத் தகடு 25-ஐக் கடந்துவிட்டது.

ஆயினும் அன்பர்காள், அவ்வெற்றி சிறுதுண்டினதே! அகன்ற பலகையிற் படலம் ஒருசீராய்ப் படிதல் அரிது. மேற்பரப்பில் அணுக்கள் விடுபட்ட இடங்களில் மின்னன்கள் சிக்கி வீணாகின்றன; ஈரமும் புகுந்து படலத்தைச் சிதைக்கின்றது; சிதைந்தால் ஈயமும் கசியக்கூடும். அக்குறைகளை மூடும் மேற்பூச்சைச் சுழற்றிப் பூசுதல் சிறுதுண்டிற்கே ஒக்கும். பெரும்பலகைக்கோ ஆவியாய்ப் படிவித்தலும் அலகால் இழுத்துப் பூசுதலும் போன்ற முறைகளே வேண்டும்.

எனவே, விழுக்காட்டுப் போட்டியினும் மேற்பூச்சு ஆய்வுக்கே பொருளும் உழைப்பும் முதற்கண் செல்லல் வேண்டும். சிலிக்கன் பலகை 25 ஆண்டு உழைக்கையில், சில மழைக்கே மாயும் பலகை எவர் கூரைக்கு உதவும்?