சுன்னாகத்துக் கிணறுகள்: சுற்றாடல் அதிகாரசபைத் தலைவருக்கு ஒரு மடல்

மத்திய சுற்றாடல் அதிகாரசபைத் தலைவர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்து நிலத்தடி நீரில் மின் நிலையக் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்லி, தனியார் மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் செலுத்தவேண்டும் எனப் பணித்தது. நல்லதுதான். ஆனால் அது கிணற்றுக்காரரின் நட்டக் கணக்கு. நிலத்துக்குள் கிடக்கும் எண்ணெயின் கணக்கை எழுதவேண்டியவர் நீங்கள்.

2015இல் தண்ணீர்ப் பவுசருக்காக வாளிகளோடு காத்திருந்த நாட்களில், தண்ணீரின் மணத்தைவிட அறிக்கைகள்தான் எங்களை அதிகம் குழப்பின. ஒன்று எண்ணெய் உண்டு என்றது. இன்னொன்று ஆபத்தில்லை என்றது. எதைச் சோதிக்கிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ‘எண்ணெய், கிறீஸ்’ சோதனையில் நீரைக் கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சுவதை நிறுக்கிறார்கள். உலை எண்ணெய் போன்ற கனமானவை மிஞ்சும். பென்சீன் கரைப்பானோடு பறந்துவிடும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதைப் பிடிக்க, சிறு கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்ரிக் போத்தலில் அள்ளி, வெயிலோடு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் ‘இல்லை’ என்ற அறிக்கை தானாக வரும்.

எங்கள் நிலம் சுண்ணக்கல். எண்ணெய் வெடிப்புகள் வழியே ஓடும். ஒரு வளவுக் கிணறு மணக்க, மதிலுக்கு அப்பாலுள்ள கிணறு சுத்தமாக இருக்கலாம். மின் நிலையத்தைச் சுற்றி வட்டம் கீறி எல்லை வகுப்பது இங்கே சரிவராது. கோடையில் நீர்மட்டத்தோடு எண்ணெயும் இறங்கிக் கல்லில் ஒட்டும். மாரியில் நீர் ஏறும்போது ஒட்டியது அடியில் சிக்கிக்கொள்ளும்; மேலே படலம் தெரியாது. தை மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ‘நீங்கிவிட்டது’ என்று எழுதாதீர்கள். அதே கிணறுகளை ஆவணியிலும் பாருங்கள்.

போர்க்காலத்திலேயே இங்கு எண்ணெய் மண்ணில் ஊறியது என்ற பேச்சும் ஊரில் உண்டு. எண்ணெயின் வகையையும் பழமையையும் பிரித்தறியும் சோதனை இருக்கிறது. அதைச் செய்தால் யார் தலையில் எவ்வளவு பொறுப்பு என்ற வாதம் பாதி தீரும்.

துப்புரவாக்கும்போதும் நிதானம் வேண்டும். இறைத்துச் சுத்திகரிப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் யாழ்ப்பாணத்து நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. பலமாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். எண்ணெய் போய் உப்பு வந்தால் வெங்காயத் தோட்டத்துக்கு என்ன லாபம்? மேற்படலத்தை மெல்ல வழித்தெடுப்பது, கழிவு ஊறிய மேல்மண்ணை அகற்றுவது, நீர்மட்டத்துக்கு மேலே காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வேலை செய்யவிடுவது ஆகியவற்றை முதலில் ஆராயுங்கள்.

முடிவுகளைக் கிணறு கிணறாக, தமிழில், உடுவில் பிரதேச செயலகத்தில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைக்குப் பால்மா கரைக்கும் தாய் சராசரிக் கணக்கை வைத்து என்ன செய்வாள்?

மாதிரி எடுக்க வரும் திகதியை முன்கூட்டியே அறிவியுங்கள். முதல்நாள் கிணறு இறைக்காமல் வைத்திருக்க அயலவர்களிடம் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சுன்னாகத்துக் கிணற்றுக்காரர் ஒருவர்