காஞ்சொறி சுட்டதும் வேலைக் காயந்தான்

கொழுந்து எடுக்கப் போன அக்கா ஒருவர், பகல் நிறுவைக்கு வந்தபோது கை சிவந்து வீங்கி மடுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "செடி பட்டதுக்கெல்லாமா வேலையை விடுவது?" என்று கேட்டார்கள். அன்று அவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

அந்த மலைக்கு நாமும் ஏறிப் பார்த்தோம். நிமிர்ந்த மலை. கான் ஓரமெல்லாம் இடுப்பளவு காஞ்சொறி, தேயிலையை மூடிக்கொண்டு மானாப்புல். கால் வழுக்கினால் கைக்கு அகப்பட்டதைத்தான் பிடிக்க முடியும். காஞ்சொறியின் சுணை கண்ணாடி ஊசி மாதிரி. தோலில் குத்தி முறிந்து உள்ளே நஞ்சை விடுகிறது. இதில் கவனக்குறைவு யாருடையது? கைவைத்த அக்காவுடையதா, புல்லு வெட்ட ஆள் போடாதவர்களுடையதா?

நம் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. அரித்ததும் தேசிக்காயைப் பிழிந்து தேய்த்துக்கொண்டு மறுபடி வெயிலில் இறங்குகிறோம். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் அடித்தால் அதுவே சுடும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கொப்புளம் போடும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பிறகு "காஞ்சொறி விஷம் ஏறிவிட்டது" என்கிறோம். தேய்க்கவே கூடாது. ஒட்டுகிற பிளாஸ்டரை வைத்து இழுத்தால் சுணை வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தவர்கள் விறகுக்குப் போகும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிங்களத்தில் பதுல்ல என்று சொல்லும் மரத்தின் பிசின் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். அதுவும் பட்ட உடனே தெரியாது.

விறகுக்குப் போய்ப் பட்டதற்கு நிர்வாகத்தைக் கேட்க முடியாது. ஆனால் கொழுந்து மலையில் பட்டது வேறு. வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக் காயத்துக்குத் தொழில்தருநர் பொறுப்பு என்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். சின்ன அரிப்புக்கெல்லாம் நட்டஈடு வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சொறிந்த புண் சீழ் பிடித்துப் பல நாள் வேலை போனால், அல்லது செடிப்பால் தெறித்துக் கண் பழுதானால், மலையில் பட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி? டிஸ்பென்சரியில் "அரிப்பு" என்று மட்டும் எழுதி ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்புகிறார்கள். எந்த மலை, எத்தனை மணி, என்ன வேலை செய்யும்போது என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து நிரையில் நின்ற இருவரின் பெயரைக் குறித்துத் தோட்டத் தலைவரிடம் அன்றே கொடுங்கள்.

அந்த அக்காவின் அரைப்பேரை முழுப்பேராக்கவும், கொழுந்து எடுக்க ஆள் இறக்குவதற்கு முன் கான் ஓரத்தைத் துப்புரவாக்கவும், முழங்கை வரை மூடும் கையுறை தரவும் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை அந்த மலைக்குப் பெயர் கூப்பிட்டால், பிரட்டுக் களத்திலேயே தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் முன்னே வந்து, முதலில் புல்லு வெட்ட ஆள் போடச் சொல்லிக் கேட்பார்கள்.