அளவு நாடாவின் மறுமுனை

உடன்படிக்கை எழுதி முன்பணம் கைமாறிவிட்டால் வீடு பாதி நம்முடையதாகிவிட்டது என்றோர் எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றியிருக்கிறது. அது சட்டப்படியும் தவறு, மரியாதைப்படியும் தவறு என்பதே இக்கட்டுரையின் கட்சி. வெளியில் நின்று இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அந்தத் தவற்றைச் சென்ற மாதம் நாங்களே செய்துவிட்டு வந்திருக்கிறோம்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம், பாக்குத்தோப்புகளுக்கும் வாழைக்கும் இடையே கிடக்கும் பழைய வீடுகள் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. விற்பவர்கள் இன்னும் உள்ளே குடியிருப்பார்கள். அடுப்பில் உலை கொதிக்கும். வாங்குபவர், அவர் மனைவி, தச்சர், மாடுலர் கிச்சன் போடுகிறவர், வாஸ்து பார்க்கிறவர் என ஐந்தாறு பேர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் மாலையிட்ட படத்துக்கு மேலாக நாடா ஓடும். "இந்தச் சுவரை எடுத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்வார். அந்தச் சுவரில் சாய்ந்துதான் வீட்டுக்காரப் பெரியவர் உட்கார்ந்திருப்பார்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கை, தன்னளவில், அச்சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் அந்த உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தாலும் அது வாக்குறுதிதானே தவிரக் கிரயம் அன்று. அடுத்த பிரிவு எங்களுக்கு இன்னும் பிடித்தது. உரிமை மாறும் நாள்வரை சொத்தின் வாடகையும் விளைவும் விற்பவருக்கே உரியவை என்கிறது 55ஆம் பிரிவு. ஆக, மரத்தில் தேங்காய் முற்றினால் அது அவர்கள் தேங்காய். முன்பணம் கொடுத்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம். தேங்காய்க்கே இந்த நிலை என்றால், படுக்கையறைச் சுவரை அளக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

அளப்பது நம் மரபுக்குப் புதிதா என்று கேட்கும் நண்பர்கள் எங்கள் தமிழ்த்துறையிலேயே உண்டு. புதிதில்லைதான். கி.பி. 1001ஐ ஒட்டி முதலாம் இராசராசன் சோழநாட்டு நிலத்தை அளப்பித்தான். அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மறுபடி அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் ஊர் ஊராக ஆளனுப்பி நிலத்தையும் ஏரையும் கணக்கெடுத்த ஆண்டும் அதே 1086தான். அந்தக் கணக்கேட்டுக்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர் டூம்ஸ்டே, இறுதித் தீர்ப்பு நாள். இங்கே அளந்தவன் தன் கோலுக்கு மூவுலகளந்தவன் பெயரை ஏற்றினான். அங்கே அளக்கப்பட்டவன் தன் அச்சத்தைப் பெயராக்கினான். நம் ஊர்க் குடியானவன் அந்தக் கோலை என்ன சொல்லி அழைத்தான் என்பது எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. கல்வெட்டு வெட்டியவர்கள் அளந்தவர்களின் பக்கத்து ஆட்கள்.

பின்னர் வெள்ளைக்காரன் சங்கிலி வந்தது. 1620இல் எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடிச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஏக்கரில் நூற்றிலொன்று ஒரு சென்ட், அது 435.6 சதுர அடி. இந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நிலத் தரகர்களில் பலருக்குத் தெரியாது, ஆனால் விலை சொல்லும்போது அதையும் விடமாட்டார்கள். வள்ளக் கணக்கில் காடு பேசிய தலைமுறை அருகிவிட்டது. பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல் வந்தபோது நாங்கள் அதை வட்டார இலக்கியம் படிக்க உதவும் நூலாகத்தான் பார்த்தோம். இப்போது வீடு வாங்கப் போகும்போது அது வேறு விதமாகக் கண்ணில் படுகிறது. ஆசாரம், அட்டாலி, பொடக்காலி, கட்டுத்தரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிருந்த வீடு, கிரயப் பத்திரத்தில் "நான்கெல்லைக்குட்பட்ட மனையிடமும் அதிலுள்ள கட்டடமும்" என்று ஒடுங்கிவிடுகிறது.

இனி எங்கள் கதை.

நாங்கள் முன்பணம் கொடுத்திருப்பது பதினொரு சென்ட் இடத்தில் நிற்கும் ஒரு தொட்டிக்கட்டு வீட்டுக்கு. வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர் வந்து அளந்து போயிருந்தார். சர்வேயர் புலப்பட நகலோடு வந்து எல்லைக் கற்களைச் சரிபார்த்துவிட்டார். அளக்க வேண்டியதெல்லாம் அளந்தாயிற்று. பிறகும் போனோம். அலமாரிக்கு, சமையலறை மேடைக்கு, சன்னல் திரைக்கு. தச்சர், அவருடைய உதவியாளரான ஓர் இளைஞர், நாங்கள் இருவர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி.

வீட்டுக்கார அம்மாள் "வாங்க கண்ணு" என்று சொல்லி ஆசாரத்தில் பாய் விரித்தார். நாங்கள் உட்காரவில்லை. வந்த வேலை முடியட்டும் என்றோம். இந்த ஒரு சொல்லுக்காகவே எங்களைக் கண்டிக்கலாம். விரித்த பாயில் உட்காராமல் சுவரைப் பார்ப்பவன் விருந்தாளி இல்லை, கடன் வசூலிக்க வந்தவன். வடக்கு அறையில் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். முழங்கால் வலி, எழுந்து வர நேரமாகும். தச்சர் காத்திருக்கவில்லை. கட்டிலைத் தாண்டி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாடாவை இழுத்தார். அது பெரியவரின் நெஞ்சுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றது. அம்மாள் வாசற்படியிலிருந்து சொன்னார்:

"படுத்திருக்கற ஆளுக்கு மேல நாடா புடிக்காதீங்க சாமி. பாடைக்கு அளக்கறாப்பல இருக்குது."

நாடா சட்டென்று சுருண்டு உள்ளே போனது. பெரியவர்தான் சிரித்தார். "அளந்துக்கட்டும் வுடு. எப்படியும் ஒருநா அளக்கப் போறாங்கொ." அந்தச் சிரிப்பில் நாங்கள் பங்குகொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நம் இலக்கிய நண்பர்கள் மகிழ்ந்திருப்பார்கள். நலிந்த குடியானவக் குடும்பம், நாடாவோடு வந்த நகரத்து நடுத்தரவர்க்கம், ஓடு வேய்ந்த பழைய வீடு. இதே அச்சில் எத்தனை சிறுகதைகள்! எல்லாவற்றிலும் விற்கிறவர் தொலைந்துபோன அறத்தின் வாரிசு, வாங்குகிறவர் முகமற்ற பணம். இந்த அச்சை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணமும் அதே வீட்டில், அதே ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

முதலில், வீடு விற்கப்படும் காரணம். மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு; அதில் இருவர் பெண்கள். பாகப்பிரிவினையால் குடும்பம் சிதைந்தது என்று எழுதுவது எளிது. 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதிலும் மகள்களுக்குப் பிறப்பால் சம உரிமை என்று சட்டம் திருத்தப்படாவிட்டால் இந்த வீடு மகன் பெயரில் சிந்தாமல் சிதறாமல் நின்றிருக்கும். பெண்கள் சீர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். 1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' பங்கு கேட்டபோது அது கொலையில் முடிந்தது. இந்த வீட்டில் பங்கு கேட்டவர்கள் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் போய் வீழ்ச்சி என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது, தச்சரின் உதவியாளர். தச்சர் உள்ளே போன பிறகும் அந்த இளைஞர் வாசலிலேயே நின்றார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று தச்சர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் படியேறினார். ஆசாரத்தைக் கடக்கும்போது அம்மாள் கேட்டார், "நீ ஆரு பையன்?" அவர் தம் பாட்டனார் பெயரைச் சொன்னார். அம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறை, இந்த அறை, கடைசியில் சாமி அறை என்று நாடாவின் முனையைப் பிடித்தபடி அவர் எல்லாவற்றுக்கும் போய்வந்தார். பிறகு டீ வந்தது. எங்களுக்கும் தச்சருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவருக்குக் காகிதக் கோப்பை.

நாங்கள் எங்கள் டம்ளரில் குடித்தோம். ஒன்றும் சொல்லவில்லை. இந்த வாக்கியத்துக்கு மேல் விளக்கம் எழுத முயன்று மூன்று முறை அடித்துவிட்டோம்.

திரும்பும் வழியில் அவரே சொன்னார்: "எங்க அப்பாரு இந்தத் தோட்டத்துலதானுங்க பண்ணையத்துக்கு இருந்தாரு. இந்த வாசப்படியத் தாண்டுனதில்லீங்க. நாந்தான் மொதோ ஆளு."

நம் நண்பர்கள் புலம்பும் அந்தத் தொட்டிக்கட்டு வீட்டின் அழகு, யார் எதுவரை வரலாம் என்று நாடா இல்லாமலே அளந்து வைத்திருந்த அழகு. வாசல் வரை ஒருவர், திண்ணை வரை ஒருவர், ஆசாரம் வரை ஒருவர். அந்த அளவைப் பற்றிப் பேசாமல் இந்த அளவை மட்டும் கண்டித்து எழுதுவது நேர்மையன்று. உடன்படிக்கை பேச உட்கார்ந்த முதல் நாளிலேயே எங்களையும் அளந்தார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பக்கம், குலதெய்வம் எது. தரகர் பதில் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். பதில் வேறாக இருந்திருந்தால் விலையே பேசப்பட்டிருக்காது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை.

அப்படியானால் அளப்பது நல்லது என்று சொல்ல வருகிறோமா? இல்லை. எல்லை அளப்பது வேறு, அறை அளப்பது வேறு என்கிறோம். முன்னது கடமை. பத்திரத்தில் பதினொரு சென்ட் என்றும் தரையில் பத்தரை என்றும் இருந்தால் பின்னால் நீதிமன்றம் ஏறப்போவது இரு தரப்பும்தான். மாமூல் வழித்தடம் எத்தனை அடி என்று அளக்காமல் வாங்கியவர்கள் மழைக்காலத்தில் வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு நடப்பதைப் பார்க்கிறோம். அடுக்ககம் வாங்குகிறவர்கள் கட்டாயம் அளக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியா என்பதற்கு இலக்கணம் வகுத்ததே, சுவரையும் மாடிப்படியையும் சேர்த்துச் சதுர அடி விற்றவர்களை நிறுத்தத்தான். இவற்றையெல்லாம் கிரயத்துக்கு முன்னரே, விற்பவரையும் உடன் வைத்துக்கொண்டு, முடிந்தால் நாடாவின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடுத்து அளக்க வேண்டும்.

அலமாரிக்கும் திரைச்சீலைக்கும் அளப்பது அப்படியன்று. அங்கே நாம் வீட்டை அளக்கவில்லை, அவர்கள் இல்லாத வீட்டை அவர்கள் கண்முன் அளக்கிறோம். கட்டில் இருக்கும் இடத்தில் கட்டில் இல்லை என்றும், சாமி படம் இருக்கும் இடத்தில் டி.வி. என்றும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அளக்கிறோம். ஒன்றரை மாதம் பொறுத்தால் சாவி நம் கையில். அந்த ஒன்றரை மாதத்தை ஒரு தச்சரின் வேலை நாளுக்காக அவர்களிடமிருந்து பிடுங்குகிறோம். ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் முணுமுணுக்காமல் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை மட்டும் ஏன் செலவாகத் தெரிகிறது?

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை அறிவோம். நாங்கள் சொல்லும் விதி அன்று நடப்பில் இருந்திருந்தால், அந்த இளைஞர் வாசலிலேயே நின்று திரும்பியிருப்பார். அவரை உள்ளே கொண்டுபோனது எங்கள் முறைகேடுதான். கிரயம் முடிந்தபின் அவர் வருவார், அப்போது அது எங்கள் வீடு, டம்ளரும் எங்கள் டம்ளர் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் குடும்பம் உள்ளே இருக்கும்போது உள்ளே போனதும், காலி செய்த பிறகு போவதும் அவருக்கு ஒன்றல்ல என்று எங்களில் ஒருவர் சொல்கிறார். மற்றவரிடம் இதற்குப் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை "நாங்கள்" என்று எழுதினாலும் இந்த ஓரிடத்தில் எங்களுக்குள் ஒருமனம் இல்லை.

தச்சரிடம் சாவி வாங்கும்வரை வர வேண்டாமென்று சொல்லிவிட்டோம். அலமாரி தை முடிந்துதான் வரும் என்று கடிந்துகொண்டார். வடக்கு அறையின் அளவு அவர் நோட்டில் இன்னும் காலியாக இருக்கிறது.

அம்மாளிடம் போனில் மன்னிப்புக் கேட்டோம். எதற்கு என்று கேட்டார். நாடாவைச் சொன்னோம், காகிதக் கோப்பையைச் சொல்ல வாய் வரவில்லை. வர்ற புதன்கிழமை தேங்காய் இறக்குவதாகவும், வந்தால் எங்களுக்குப் பத்துக் காய் தருவதாகவும் சொன்னார்.