அடுத்த படி எப்போது?



ஷவ்வால் மாதத்தில் மதரஸா மீண்டும் திறந்த முதல் வாரத்தில், ஒரு தாயார் தம் பதினொரு வயது மகனை அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். பையனின் கையில் பளபளப்பான தாளில் அச்சிட்ட மூன்று சான்றிதழ்கள். கராத்தே வகுப்பில் சேர்ந்த ஒன்பதே மாதங்களில் மூன்று முறை அவனுக்குப் பட்டையின் நிறம் மாறிவிட்டது. "மூணு மாசத்துக்கு ஒரு தேர்வு வருது ஹஜ்ரத், பணம் கட்டுறோம், பெல்ட் மாறுது. ஆனா முதல் பெல்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததை இப்பச் செய்டான்னா முழிக்கிறான். ஏறுறானா இல்லையான்னு எனக்கு விளங்கல" என்றார்.

அதே வாரத்தில் வேறொரு தந்தையின் முறையீடு இதற்கு நேர்மாறாக இருந்தது. அவர் மகன் எங்கள் ஊர்த் திடலில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் சிலம்பப் பயிற்சிக்குச் செல்கிறான். "நாலு மாசமா காலடி, காலடின்னு காலை மாத்தி வைக்கச் சொல்றாரே ஒழிய, கையில கம்பைக் குடுக்க மாட்டேங்கிறாரு வாத்தியாரு" என்று குறைப்பட்டார்.

ஒருவருக்கு விரைவு குறை. மற்றவருக்குத் தாமதம் குறை. ஆயினும் இருவரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: என் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான்? இக்கேள்விக்குச் சரியான விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஆசிரியர். சான்றிதழ் அதற்கு விடையாகாது. "பொறுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லும் விடையாகாது.

பட்டை கட்டும் வழக்கத்தை நான் இகழவில்லை. அது வந்த வழி மதிப்பிற்குரியது. ஜப்பானில் 1882ஆம் ஆண்டு ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, பள்ளி ஆசிரியராகவும் கல்வியாளராகவும் விளங்கியவர். மாணவனின் தேர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்து, மறு ஆண்டே தம் மாணவர் இருவருக்கு முதல் உயர்நிலையை வழங்கினார். கராத்தேயின் ஃபுனாகோஷி அம்முறையைத் தழுவி 1924இல் கறுப்புப் பட்டை அளித்தார். இடையில் பல நிறங்கள் பெருகியது பிற்காலத்தில். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கட்டணம் என்றானபின், தேர்வில் தவறும் பிள்ளை அருகிப்போனதில் வியப்பில்லை.

சிலம்ப வாத்தியாரை நானே சென்று கண்டேன். அறுபதைக் கடந்தவர், சொற்கள் குறைவு. தரையில் ஊன்றினால் ஆடுபவரின் புருவ உயரத்திற்கு வரும் மூங்கில் கம்பு, முதலில் காலுக்குப் பகை என்றார். கம்பு கைக்கு வந்ததும் கண் அதன் நுனியைத் தொடர்ந்து போய்விடும், கால் அநாதையாகிவிடும். ஆகவே வணக்கம், காலடி, பின்னர் ஒற்றைக் கம்புச் சுற்று, அதன்பின் வீடு கட்டுதல், இரட்டைக் கம்பு, ஈற்றில்தான் எதிராளியைக் கம்பு நுனியால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை என்பது அவருடைய வரிசை. யாரை எப்போது மேலே அனுப்புவீர்கள் என்றேன். "தேர்வுன்னு சொல்லிவெச்சா எல்லாப் பயலும் அன்னிக்கு ஒழுங்கா ஆடுவான். சொல்லாம மூணு நாள் பாப்பேன். மூணு நாளும் கால் தப்பலைன்னா கம்பு" என்றார்.

எனக்கு அது மிகப் பிடித்தது. அதே சமயம் அவரிடம் ஒரு குறையையும் கண்டேன். இருபத்துமூன்று பிள்ளைகளின் கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்தான் இருந்தது. சென்ற ஆண்டு அவர் உடல்நலமின்றி இரண்டு மாதம் படுத்திருந்தபோது, இடையில் வந்து பயிற்றிய இளைஞர் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறியாமல் எல்லோரையும் வணக்கத்திலிருந்தே தொடங்க வைத்தாராம். நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டனர்.

குறை கூறிய தந்தையோ விவசாயி. குடமுருட்டிப் பாசனத்தில் மூன்று மா நிலம் பயிரிடுபவர். அவரிடம், "நாற்றுப் பறிப்பதற்கு நாளை எண்ணுவீர்களா, இலையை எண்ணுவீர்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மாத வயதுக்கு ஒரு வாரம் நாற்றங்கால் என்பது நம் பக்கத்துப் பழங்கணக்கு; நான்கு மாதத்து நெல்லுக்கு நான்கு வாரம். ஆயினும் தண்ணீர் பிந்திய ஆண்டில் அக்கணக்கை நம்பி யாரும் கையை வைப்பதில்லை. குனிந்து இலையைத்தான் பார்க்கிறார்கள். "அப்படிப் பாத்துக்கிட்டே உக்காந்தாலும் ஆகாது ஹஜ்ரத். நாத்து முத்திப்போனா தூர் கட்டாது" என்று அவரே சேர்த்துக்கொண்டார். வாத்தியாருக்கு எதிராக அவர் எடுத்துவைத்த வாதம் அது. அதில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. தேறிய பிள்ளையைக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவைப்பதும் அவனைக் கெடுப்பதே.

பிறருக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இதில் நானும் தவறியவன். மதரஸாவில் மனனப் பிரிவு மாணவனுக்கு நாள்தோறும் மூன்று கணக்கு உண்டு. அன்றைய புதுப்பாடமாகிய சபக். அண்மையில் முடித்த பகுதியைத் திருப்பிச் சொல்லும் சபக் பாரா. நெடுநாள் முன்பு முடித்தவற்றைச் சுற்றிவரும் தவுர். நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள். முதற்கட்டம் மட்டும் நிரம்பி மற்றவை வெறுமையாயின், அம்மாணவன் முன்னே செல்கிறான் என்பது கண்மயக்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வளைகுடாவிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்த ஒரு தந்தை, தாம் திரும்புவதற்குள் மகன் பத்தாவது ஜுஸ்வை முடித்துவிட வேண்டுமென ஆசைப்பட்டார். அவர் முகத்திற்காக நான் இணங்கினேன். நாற்பது நாளும் சபக் ஓடியது. பையன் பத்தை முடித்தான், இனிப்பு வழங்கினார்கள். மறுமாதம் நான்காவது ஜுஸ்வின் நடுவிலிருந்து ஓதச் சொன்னபோது அவன் வாய் திறக்கவில்லை. பழையதைத் திரும்பக் கட்ட முயன்றோம். அவனுக்கு வெட்கம் மேலிட்டது. சில வாரங்களில் வருவதை நிறுத்திக்கொண்டான். அந்த நோட்டு இன்றும் என்னிடம் உள்ளது. தவுர் என்ற கட்டம் நாற்பது நாளும் வெறுமையாக இருக்கிறது. கையொப்பம் என்னுடையது.

அதன்பின் மதரஸாவில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். பாடம் கற்பித்த ஆசிரியர் தாமே தேர்ச்சி அறிவிப்பதில்லை. வேறோர் ஆசிரியர் கேட்பார். தொடக்கத்திலிருந்து அன்று, இடையிலிருந்து கேட்பார்.

பள்ளிக்கூடங்களிலும் இவ்வுண்மை உணரப்பட்டுள்ளது. தமிழக அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதை விட்டு, அதற்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். பெயர்கள் இனியவை. ஆனால் "ஏ அரும்பு, இங்கே வா" என்று பிள்ளையை அழைத்தால் அப்பெயரும் வசையாகிவிடும் என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, நம் பையன்களின் கைப்பேசியில் ஓடும் புதிய வித்தைக்கு வருவோம். பார்க்கூர் என்கிறார்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் அன்று! பாரிஸ் புறநகரான லிஸ் என்னும் ஊரில் 1980களின் இறுதியில் தாவீத் பெல் முதலிய இளைஞர்கள் வளர்த்தது. சுவர், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி எதுவாயினும் ஓடியும் தாவியும் கடக்கும் பயிற்சி. அவருடைய தந்தை தீயணைப்பு வீரர். போட்டியும் பட்டையும் இதற்கு ஆகாது என்று இத்துறையினர் பலர் நெடுங்காலம் வாதிட்டனர். உலக ஜிம்னாஸ்டிக் கூட்டமைப்பு 2018இல் இதைத் தன் பிரிவாகச் சேர்த்துக்கொண்டபோது கடுமையாக எதிர்த்தனர். ஒரே தடவை செய்தது செய்ததாகாது என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு. தரையில் கிழித்த கோட்டிலிருந்து கோட்டிற்குத் தாவி, ஓசையின்றிக் கால் ஊன்றப் பழகியபின்னரே உயரத்திற்குச் செல்ல வேண்டும் என்று நல்ல பயிற்சியாளர்கள் வற்புறுத்துவர். கைப்பேசிப் படத்தில் இந்தப் பகுதி வருவதில்லை. மாடிக்கு மாடி தாவும் கடைசி நொடிதான் வருகிறது.

நம் பிள்ளைகளுக்கோ மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் மதகுதான் மாடி. முன்னர் இதற்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் படித்துறையின் கடைசிப் படி, பின் மேற்படி, பின் வாய்க்கால் மதகு, மீசை அரும்பியபின் ஆற்றுப் பாலம். மூத்த பையன்கள் இளையவனை அளவறிந்துதான் மேலே ஏறவிட்டனர். சென்ற ஆண்டு ஒரு படம் பார்த்த உற்சாகத்தில் எங்கள் மாணவன் ஒருவன் படித்துறையிலிருந்து நேரே மதகிற்குப் போனான். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அவன் தாயார் அன்று அழுத அழுகையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சிலம்ப வாத்தியாரிடம் இருநூறு பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, எங்கள் முறையில் மூன்று கட்டம் போட்டுத் தந்தேன். இன்று புதிதாகக் கற்றது, இவ்வாரம் திருப்பியது, பழையதில் திடீரெனக் கேட்டது. "எழுத்து வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று முதலில் தள்ளினார். பின்னர் அவர் பேத்தி எழுதத் தொடங்கினாள். குறைப்பட்ட விவசாயியை அழைத்துக் காட்டியபோது, மகனின் வலது கால் திருப்பத்தில் மட்டும் தவறுகிறது என்று அதில் இருந்தது. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மகனை வீட்டு முற்றத்தில் நிறுத்தி அந்த ஒரு திருப்பத்தைப் பழக்கினார். மூன்றாம் வாரம் பையனுக்குக் கம்பு கிடைத்தது.

அவ்வகுப்பில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஆண்பிள்ளைகளை விட மேலே, வீடு கட்டும் நிலையில் நின்றவள். வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டனர். ஐந்து மாதம் கழித்து, வாத்தியாரின் மூத்த மாணவி ஒருவர் பெண்களுக்கெனத் தம் வீட்டுக் கொல்லையில் பயிற்சி தொடங்கியபோது, அத்தாவிடம் மன்றாடி அவள் திரும்பி வந்தாள். புதியவர்களோடு வணக்கத்திலிருந்து நிறுத்தத்தான் பார்த்தார்கள். நோட்டை வரவழைத்துப் பார்த்தனர். கடைசித் தேதியில் அவள் பெயருக்கு நேரே, இடப்பக்கச் சுற்று மட்டும் பாக்கி என்று பேத்தியின் கையெழுத்தில் இருந்தது. அன்று மாலை அவள் இடப்பக்கச் சுற்றிலிருந்தே தொடங்கினாள்.